எந்த நாட்டுச் சரக்கு?

உகாண்டாவின் கம்பாலாவில் நான் பார்த்த வேலை இறக்குமதிக் கணக்கு. குழாய், தாழ்ப்பாள், தகரம், ஆணி எல்லாம் சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கன்டெய்னரில் வரும். மொம்பாசாவில் இறங்கி, கென்யாவைக் குறுக்கே கடந்து, மலாபா எல்லையில் லாரி வரிசையில் காத்துக் கிடந்து எங்கள் கிடங்குக்கு வந்து சேரும். எல்லாச் சரக்குக்கும் ஒரு தாள் வேண்டும்: இது எந்த நாட்டில் செய்தது என்கிற சான்றிதழ். அந்தத் தாளில் ஓர் எழுத்து பிசகினாலும் என் தலைதான் உருளும். மூன்று வருஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்த பழக்கமோ என்னவோ, 2023இல் அந்த ஊரே சேர்ந்து ஒரு விஷயத்தை 'வெளிநாட்டுச் சரக்கு' என்று பேச ஆரம்பித்தபோது, அந்தச் சான்றிதழைத்தான் என் மனசு தேடியது.

விஷயம், தன்பாலீர்ப்பு.

நாங்கள் இருந்தது நஜ்ஜேரா பக்கம். ஒரே காம்பவுண்டுக்குள் நான்கு வீடுகள். ஒன்றில் வீட்டுக்கார அம்மா, இன்னொன்றில் நானும் தம்பியும். தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. சேல்ஸில் இருந்த பையன், அம்பாசமுத்திரத்துக்காரன், 28 வயது. எனக்கு மனைவியும் மகளும் விருதுநகரில். ஒரு குக்கர், ஒரு மிக்ஸி, ஆளுக்கொரு கட்டில், ஞாயிற்றுக்கிழமை யார் சமையல் என்கிற சண்டை. துபாய் போனாலும் சிங்கப்பூர் போனாலும் நம்மவர்கள் கையோடு கொண்டுபோகிற ஏற்பாடுதான் இந்தப் பேச்சிலர் ரூம். இதில் விளக்கம் சொல்ல ஏதாவது இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

வீட்டுக்கார அம்மாவை எல்லாரும் 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே அது அம்மாவுக்கான சொல். முதல் மாதம் முழுக்க அவரை "மாமா, மாமா" என்று கூப்பிட்டுவிட்டு, தம்பி சமையலறைக்குள் வந்து தனியாகச் சிரிப்பான். ரிட்டயர்டு டீச்சர், கத்தோலிக்கர், கணவர் காலமாகி வெகுகாலம். சுண்ணாம்புக்கட்டி பிடித்த கை என்பது அவர் விரலை நீட்டிப் பேசும்போதே தெரியும்.

2023 ஏப்ரலில் ஒரு ஞாயிறு மாலை, ஒரு சீப்பு மட்டோக்கேயோடு வந்தார். வேகவைத்து மசிக்கிற பச்சை வாழைக்காய், அந்த ஊர்ச் சோறு. வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, மனைவி எப்போது வருகிறாள் என்று வழக்கம்போலக் கேட்டார். அப்புறம், "அந்தப் பையனுக்கு?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தரகர் சொன்னார், ஸ்ஸெபோ. பாராளுமன்றத்தில் வந்திருக்கிற சட்டத்தில் வீடு கொடுத்தவர்களையும் பிடிப்பார்களாம். ரெண்டு ஆண்கள், ரெண்டு வருஷமாக ஒரே வீட்டில். நான் ஒன்றும் நினைக்கவில்லை. ஆனால் யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருக்க வேண்டும் இல்லையா?" ஸ்ஸெபோ என்றால் ஐயா.

போனை எடுத்து மனைவி படத்தைக் காட்டினேன். மகள் பள்ளி ஆண்டு விழாவில் பரதம் ஆடிய படத்தையும் காட்டினேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. "அவனுக்கும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று சேர்த்துச் சொன்னேன். பொய் என்று சொல்ல முடியாது. நம் ஊரில் யாருக்காவது பெண் பார்த்துக்கொண்டேதானே இருக்கிறார்கள்.

அவர் போனதும் உள்ளேயிருந்து தம்பி கேட்டான்: "என்னண்ணே, எனக்கும் சேர்த்து ஜாமீன் எடுத்துட்டீங்களா?"

ரெண்டு பேரும் சிரித்தோம். ஆனால் படத்தைக் காட்டியபோது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை. போனில் காட்ட ஒரு படம் இல்லாதவன் அந்த நாற்காலிக்கு எதிரே நின்று என்ன சொல்லியிருப்பான்?

அவர் பயந்ததில் தப்பில்லை. அந்த மார்ச் 21ஆம் தேதி உகாண்டா நாடாளுமன்றம் தன்பாலீர்ப்பு எதிர்ப்பு மசோதாவை நிறைவேற்றியிருந்தது. கொண்டுவந்தவர் புகிரி நகராட்சித் தொகுதி உறுப்பினர் அசுமான் பசாலிர்வா. ஜனாதிபதி முசெவேனி சில திருத்தங்கள் கேட்டுத் திருப்பி அனுப்பி, மே 2ஆம் தேதி மறுபடி நிறைவேறி, அந்த மாதக் கடைசியில் அவர் கையெழுத்தும் ஆகிவிட்டது. தன்பாலினச் சேர்க்கைக்கு ஆயுள் தண்டனை. 'கடுமையான' குற்றம் என்று சட்டம் வகுத்தவற்றுக்கு மரண தண்டனை. ஒருவர் மறுபடி மறுபடி தண்டிக்கப்பட்டாலே அந்த வகைக்குள் வந்துவிடுவார். 'ஊக்குவித்தால்' 20 வருஷம். தெரிந்தே அதற்கு இடம் கொடுத்தவருக்கு 10 வருஷம் வரை. எங்கள் மாமாவின் தூக்கத்தைக் கெடுத்தது அந்தக் கடைசி வரி. ஒன்று சொல்ல வேண்டும்: அவையில் ஆளுங்கட்சிக்காரரான ஃபாக்ஸ் ஒடோய் இதை வெளிப்படையாக எதிர்த்தார். பத்து வருஷத்துக்கு முன் இதேபோல ஒரு சட்டம் வந்தபோது நீதிமன்றத்துக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். வேறு நாடாளுமன்றமாக இருந்தால் அவருடைய பேச்சைப் பற்றிப் பல நாள் பேசியிருப்பார்கள். அங்கே அவர் தனி மரம்.

அந்த மாதங்களில் ரேடியோவைத் திருப்பினால் அதுதான். டாக்ஸி என்று அங்கே சொல்லுகிற பதினாலு சீட்டு வேனில் உட்கார்ந்தால் டிரைவர் தலைக்கு மேல் அதுதான். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்து 'சேர்க்கிறார்கள்', வெள்ளைக்காரன் பணம் அனுப்புகிறான், இது நம் மண்ணில் இல்லாதது. அங்கே பேசுகிற லுகாண்டா மொழியில் இதற்கு 'எபிசியாகா' என்று ஒரு சொல் உண்டு. அதை யாரும் சாதாரணக் குரலில் சொல்லி நான் கேட்டதில்லை. துப்புகிற மாதிரிதான் வரும். தன்பாலீர்ப்பாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர் 'குச்சு'. நமக்கு அது சின்னக் குடிசை. முதல் தடவை கேட்டபோது ஊரில் ஆச்சி இருந்த குச்சு வீடுதான் நினைவுக்கு வந்தது.

சரி, சான்றிதழுக்கு வருவோம். இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது?

உகாண்டாக்காரரிடம் கேட்டால் ரொம்பப் பேர் முவாங்கா என்கிற பழைய அரசனிடமிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஜூன் 3 அங்கே தேசிய விடுமுறை, தியாகிகள் தினம். கம்பாலாவுக்கு வெளியே நமுகோங்கோ என்கிற இடத்துக்கு லட்சக்கணக்கில் சனம் நடந்தே வரும். கென்யாவிலிருந்தும் தான்சானியாவிலிருந்தும்கூட வாரக்கணக்கில் நடந்து வருகிறவர்கள் உண்டு. நான் ஒரு வருஷம் மாமாவோடு போனேன். ஆலயம் பகாண்டா மக்களின் குடிசை வடிவத்தில், 22 தூண்களின் மேல் நிற்கிறது. பக்கத்தில் ஏரி. அதில் தண்ணீர் மொண்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள், நம்மவர்கள் ராமேஸ்வரத்தில் மொண்டு வருகிற மாதிரி. மாமாவும் ஒரு குட்டி மஞ்சள் ஜெரிகேனில் எடுத்துக்கொண்டார். "இது இருக்கும்வரை வீட்டில் கெட்ட கனவு வராது" என்றார்.

கதை இது. முவாங்கா 1884இல், பதினாறு பதினெட்டு வயதில், பகாண்டா மக்களின் நாடான புகாண்டாவின் கபாகா ஆனான். கபாகா என்றால் அரசன். அரண்மனையில் பெரிய குடும்பத்துப் பையன்கள் ஏவலாளாக இருப்பார்கள். அவர்களில் பலர் பாதிரிமார்களிடம் படித்துக் கிறிஸ்தவரானார்கள். கபாகா படுக்கைக்கு அழைத்தபோது மறுத்தார்கள். 1885 முதல் 1887க்குள் 45 பேர் கொல்லப்பட்டார்கள்: 22 கத்தோலிக்கர், 23 ஆங்கிலிக்கன். 1886 ஜூன் 3 அன்று நமுகோங்கோவில் ஒரு கூட்டத்தை உயிரோடு எரித்தார்கள். ஏவலாட்களின் தலைவர் சார்லஸ் லுவாங்கா, அவர்களிலேயே சின்னவன் கிசிட்டோ, எல்லாரும் அதில் போனார்கள். 1964இல் போப் ஆறாம் பவுல் அந்த 22 கத்தோலிக்கர்களையும் புனிதர்களாக்கினார்.

ஒரு நாட்டின் பெரிய புனிதக் கதையே, ஓர் ஆணுக்கு உடன்பட மறுத்துச் செத்த பையன்களின் கதை என்றால், அந்த ஊர் சர்ச்சில் இந்தப் பேச்சு எவ்வளவு தூரம் எரியும் என்று நமுகோங்கோவில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. அமெரிக்கப் பாதிரி யாரும் வந்து மூட்ட வேண்டாம், அடுப்பு ஏற்கெனவே கனன்றுகொண்டுதான் இருக்கிறது.

மறுபக்கத்தில், தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் பேசுகிறவர்களும் முவாங்காவையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே எங்கள் அரண்மனையிலேயே இருந்தது பாருங்கள் என்று. இருந்தது உண்மைதான். ஆனால் உயிரை எடுக்க அதிகாரமுள்ள ஒருவன் தன்னிடம் ஏவல் பார்க்கும் பையனை அழைப்பதை நான் காதல் கணக்கில் எழுத மாட்டேன். வரலாற்றாசிரியர்கள் இன்னொன்றையும் சொல்கிறார்கள்: முவாங்காவுக்குப் படுக்கையைவிடப் பெரிய பயம் ஆட்சியைப் பற்றியது. தன் பையன்கள் தன்னைவிடப் பெரிய ராஜா ஒருவருக்குக் கீழ்ப்படிகிறார்கள், அவர் பின்னால் துப்பாக்கியோடு ஐரோப்பியர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். அவனுடைய அப்பா முத்தேசா காலத்தில் இதே நமுகோங்கோவில் கீழ்ப்படிய மறுத்த முஸ்லிம் ஏவலாட்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கதையில் படுக்கையே கிடையாது. முவாங்காவுக்கு மனைவியரும் ஒரு டஜனுக்கு மேல். கடைசியில் பிரிட்டிஷார் அவனைப் பிடித்து சீஷெல்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே அவனே ஞானஸ்நானம் வாங்கி, தானியேல் என்கிற பெயரோடு 1903இல் செத்தான்.

கொசுறாக ஒன்று. கபாகாவுக்கு உள்ள பட்டப்பெயர்களில் 'பாஃபே' என்று ஒன்று உண்டு. 'எங்கள் கணவர்' என்று அர்த்தம். மீசை வைத்த ஆண்களும் அவரை அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் கிடங்கு சூப்பர்வைசரிடம் இதைக் கேட்டுக் கொஞ்சம் சீண்டினேன். "அது மரியாதை, முயிண்டி, உனக்குப் புரியாது" என்றார். முயிண்டி என்றால் இந்தியன். உண்மையிலேயே எனக்குப் புரியாமல் இருக்கலாம்.

வடக்கே லாங்கோ மக்களிடம் பெண்ணாகவே வாழ்ந்து, ஆண்களை மணந்துகொண்ட ஆண்கள் இருந்ததை 1920களிலேயே பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். முசெவேனியே பழைய காலத்தில் இப்படிச் சிலர் இருந்தார்கள், யாரும் அவர்களைக் கொல்லவில்லை, கொண்டாடவும் இல்லை என்று பேட்டிகளில் பேசியிருக்கிறார். அப்புறம் அதே கையால் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார், அது வேறு.

சட்டத்தின் சான்றிதழை எடுத்தால் எனக்குத்தான் சங்கடம். அதில் நம் முத்திரை இருக்கிறது.

மெக்காலே வகையறா எழுதி 1860இல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு 377. 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' உடலுறவு. பிரிட்டிஷார் கிழக்கு ஆப்பிரிக்காவைப் பிடித்தபோது புதிதாக எழுத மெனக்கெடவில்லை. ரயில்பாதை போட ஆளை இந்தியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். பணமாக ரூபாயைக் கொண்டுவந்தார்கள். தண்டனைச் சட்டத்தையும் அதே கப்பலில் ஏற்றிவிட்டார்கள். 1930இல் உகாண்டாவுக்கென்று தனிச் சட்டம் எழுதினாலும், அந்த 'இயற்கை ஒழுங்கு' வார்த்தை மட்டும் பிரிவு 145இல் அப்படியே தங்கிவிட்டது. ரூபாய் போய் ஷில்லிங் வந்தது, அமீன் 1972இல் ஆசியர்களை 90 நாளில் வெளியே போகச் சொன்னார், அது மட்டும் போகவில்லை.

இன்னும் வேடிக்கை தேதிகளில். 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் 377ஐத் தளர்த்தியது. அதே அக்டோபரில் உகாண்டா உறுப்பினர் டேவிட் பஹாத்தி மரண தண்டனையோடு ஒரு மசோதாவை வைத்தார். 2013 டிசம்பர் 11 அன்று நம் உச்ச நீதிமன்றம் 377ஐத் திரும்ப உயிர்ப்பித்தது. ஒன்பது நாள் கழித்து, 20ஆம் தேதி, உகாண்டா நாடாளுமன்றம் பஹாத்தியின் மசோதாவை, மரண தண்டனையை ஆயுளாக மாற்றி நிறைவேற்றியது. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை. இருந்தாலும் ஒரே பேரேட்டில் ரெண்டு பத்தியாக எழுதிப் பார்த்தால் கை கொஞ்சம் கூசுகிறது. நாம் 2018 செப்டம்பரில் அந்தக் கணக்கை முடித்தோம். இலங்கையில் இதேபோன்ற பிரிவு 365ஏ இன்னும் புத்தகத்தில் இருக்கிறது.

2009 மசோதாவுக்கு முன்னால், அந்த மார்ச்சில், கம்பாலாவின் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் கருத்தரங்கு நடந்தது. அமெரிக்காவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அதில் முக்கியமானவர் மாசசூசெட்ஸ் பாதிரியார் ஸ்காட் லைவ்லி. தன்பாலீர்ப்பாளர்கள் பிள்ளைகளைக் குறிவைக்கும் ஓர் இயக்கம் என்பது அவர் கொண்டுவந்த சரக்கு. நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் பேசிவிட்டுப் போனார். பின்னால் மரண தண்டனை ஜாஸ்தி என்று கையைத் துடைத்துக்கொண்டார். 'ஸ்மக்' என்கிற உகாண்டாவின் தன்பாலீர்ப்பாளர் உரிமை அமைப்பு அவர் ஊரிலேயே அவர்மேல் வழக்குப் போட்டது. அதிகார வரம்பு இல்லை என்று 2017இல் வழக்குத் தள்ளுபடியானது. ஆனால் நீதிபதி தீர்ப்பில் லைவ்லியை வறுத்தெடுத்திருந்தார். 2023இல் எங்கள் டாக்ஸி டிரைவர் சொன்ன 'பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள்' கதை அந்த ஹோட்டல் அறையில் பேசியதன் பேரப்பிள்ளை மாதிரி இருந்தது.

அதற்கும் முன்னால், 2003இல், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர் ஒருவர் ஆயர் ஆனார். அந்தத் திருச்சபையோடு உகாண்டா ஆங்கிலிக்கன் சபை உறவை முறித்துக்கொண்டது. கோபித்துக்கொண்ட சில அமெரிக்கச் சபைகள் உகாண்டா ஆயர்களின் கீழ் வந்து சேர்ந்தன. நூறு வருஷம் போதனை இறக்குமதி செய்த ஊருக்கு, திடீரென்று ஏற்றுமதி செய்கிற அந்தஸ்து. அந்தப் பெருமிதத்தைச் சாதாரணமாக எடைபோடக் கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, அமெரிக்கப் பாதிரிகள் வந்து அப்பாவி உகாண்டாவைக் கெடுத்துவிட்டார்கள் என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு, முக்கியமாக மேற்கத்திய ஊடகங்களில். எனக்கு அது பிடிக்கவில்லை. அதிலும் உகாண்டாக்காரருக்குச் சொந்த புத்தி கிடையாது என்கிற எண்ணம் ஒளிந்திருக்கிறது. 2013இல் அமெரிக்காவின் பியூ நிறுவனம் அங்கே எடுத்த கருத்துக்கணிப்பில் 96 சதவீதம் பேர் சமூகம் இதை ஏற்கக் கூடாது என்றார்கள். ஒரு கருத்தரங்கால் அது ஆகாது.

எங்கள் சூப்பர்வைசர் மம்பா குலம். மம்பா என்பது நுரையீரல் மீன், அவர்கள் அதைச் சாப்பிட மாட்டார்கள். புகாண்டாவில் இப்படி ஐம்பதுக்கும் மேல் குலங்கள். பிள்ளைக்குப் பெயர் வைப்பதே குலத்தின் கையிருப்பிலிருந்துதான். ஒருவர் செத்தால் அடக்கத்தோடு முடியாது; பிற்பாடு ஒரு நாள் குலமே கூடி, வாரிசுக்கு மரப்பட்டைத் துணி போர்த்தி நிற்கவைக்கிறார்கள். சூப்பர்வைசரின் மாமா ஒருவர் செத்து அது நடந்தபோது நானும் போயிருந்தேன். பத்தொன்பது வயதுப் பையன் அந்தத் துணியோடு, கையில் ஈட்டியோடு, பாதி வெட்கமும் பாதி பயமுமாக நின்றான். அன்று சூப்பர்வைசர் என்னிடம் கேட்டார்: "பிள்ளை பெறாத ஆண்கள் கூடிப்போனால் இந்தத் துணியை யாருக்குப் போர்த்துவது?" கொள்ளி போடப் பிள்ளை வேண்டும் என்று கேட்டே வளர்ந்தவனுக்கு அந்தக் கேள்வியை மொழிபெயர்க்கத் தேவையே இல்லை. அவருக்கு பைபிள் ரெண்டாம் பட்சம்தான்.

அப்புறம் காசு. 2011இல் பிரிட்டிஷ் பிரதமர் கேமரன் உரிமை தராத நாடுகளுக்கு உதவியைக் குறைப்போம் என்றார். 2014இல் சட்டம் கையெழுத்தானதும் உலக வங்கி 9 கோடி டாலர் சுகாதாரக் கடனை நிறுத்திவைத்தது. 2023 ஆகஸ்டில் புதுக் கடனே கிடையாது என்றது. அந்த அறிவிப்பு வந்த கையோடு ஷில்லிங் சரிந்து, என் கணக்கில் டாலருக்குக் கட்டவேண்டிய தொகை ஏறியது. கிடங்கில் யாரும் சட்டத்தைத் திட்டவில்லை, வாஷிங்டனைத்தான் திட்டினார்கள். இப்படித்தான் ஆகும் என்று ஆப்பிரிக்கச் செயற்பாட்டாளர்கள் 2011லேயே கூட்டாக அறிக்கை விட்டிருந்தார்கள். பழி எங்கள் தலையில்தான் விழும், உதவியை ஆயுதமாக்காதீர்கள் என்று. கேட்பாரில்லை.

பழி எப்படி விழும் என்பதை டேவிட் கத்தோவின் கதையில் பார்க்கலாம். பள்ளி ஆசிரியர், ஸ்மக்கில் முன்னணியில் நின்றவர். 2010 அக்டோபரில் கம்பாலாவின் ஒரு சின்னப் பத்திரிகை, அமெரிக்கப் பத்திரிகையின் 'ரோலிங் ஸ்டோன்' பெயரைச் சும்மா எடுத்துவைத்துக்கொண்டது, படத்தோடு பெயர்ப் பட்டியல் வெளியிட்டது. தலைப்பிலேயே தூக்கில் போடுங்கள் என்றது. கத்தோ படம் முதல் பக்கத்தில். அவரும் இன்னும் ரெண்டு பேரும் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லி, ஆளுக்கு 15 லட்சம் ஷில்லிங் கொடுக்கச் சொன்னது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2011 ஜனவரி 26 அன்று வீட்டிலேயே சுத்தியலால் அடித்துக் கொன்றார்கள். அவருடைய செயல்பாட்டுக்கும் கொலைக்கும் தொடர்பில்லை என்றது போலீஸ். ஒருவனுக்கு 30 வருஷம் தண்டனை கிடைத்தது.

கொலையைவிட எனக்கு அந்த அடக்கம்தான் மனசில் நிற்கிறது. பூசை நடத்த வந்த போதகர் மைக்கைப் பிடித்து, அங்கே கூடியிருந்த அவருடைய நண்பர்களைப் பார்த்தே மனம் திரும்பச் சொல்லித் திட்ட ஆரம்பித்துவிட்டார். தள்ளுமுள்ளு ஆனது. ஊர்க்காரர்கள் பெட்டிக்குத் தோள் கொடுக்க மறுத்தார்கள். நண்பர்களே தூக்கிப் போனார்கள். இவர்களுக்குப் பரிந்து பேசியதற்காகச் சபை ஒதுக்கிவைத்திருந்த கிறிஸ்டோபர் சென்யோஞ்சோ என்கிற முதிய ஆயர்தான் குழியருகே ஜெபம் சொன்னார். சாவுக்கு வராமல் இருப்பது என்றால் என்னவென்று நம் கிராமங்களில் வளர்ந்த எவருக்கும் தெரியும். அந்த மண்ணிலும் அது அதே கனம்தான்.

2014இல் முந்தைய சட்டம் கையெழுத்தான மறுநாள் 'ரெட் பெப்பர்' பத்திரிகை 200 பேர் பட்டியல் போட்டது. அந்தச் சட்டத்தை அந்த ஆகஸ்ட் 1 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்தது. உரிமைக்காக அல்ல, அவையில் போதிய உறுப்பினர்கள் இல்லாமல் நிறைவேற்றியதற்காக. அந்தப் பாடத்தை மட்டும் நன்றாகப் படித்துவைத்திருந்தார்கள். 2023இல் அவை நிறைந்திருந்தது.

நம்மவர்கள் என்ன நினைத்தார்கள் என்றும் சொல்லிவிட வேண்டும். அந்த ஜூனில் ஒரு வீட்டில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து சாப்பிட்டோம். வத்தக்குழம்பும் அப்பளமும். பேச்சு வந்தது. "என்ன இருந்தாலும் இந்த ஊர்க்காரன் ஒண்ணே ஒண்ணு உருப்படியா செஞ்சிருக்கான்" என்றார் ஒருவர். நாலைந்து தலைகள் ஆடின. நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். எதிர்த்துப் பேசியதாக எழுதினால் நன்றாக இருக்கும்தான். பேசவில்லை.

சூப்பர்வைசரைப் பற்றி இன்னொன்று. உகாண்டாவில் ஆண்கள் கைகொடுத்தால் சட்டென்று விடமாட்டார்கள். பேசி முடிகிறவரை கை கைக்குள்ளேயே இருக்கும், நம் ஊரில் சின்ன வயதில் பையன்கள் தோளில் கைபோட்டு நடக்கிற மாதிரி. எத்தனையோ நாள் அவர் என் கையைப் பிடித்தபடியே ஆணிப்பெட்டி எண்ணிக்கை சொல்லியிருக்கிறார். சட்டம் வந்த பிறகு ஒரு நாள் ரோட்டோரம் ரோலெக்ஸ் வாங்க நின்றோம். சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டித் தருவார்கள். வழக்கம்போலக் கையைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தவர், போடாபோடா என்கிற பைக் டாக்ஸி ஓட்டும் ஒரு பையன் பைக்கை மெதுவாக்கி எதோ கத்திவிட்டுப் போனதும், சட்டென்று விட்டார். கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு சிரித்தார். அவன் என்ன கத்தினான் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கைகொடுப்பது சுருக்கமாகிவிட்டது.

2024 ஏப்ரல் 3 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. நாலு துண்டை மட்டும் வெட்டியது. புகார் கொடுத்தே ஆகவேண்டும் என்கிற கட்டாயம் போயிற்று. இடம் கொடுத்தவருக்கு 10 வருஷம் என்கிற வரியும் போயிற்று. மாமா செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்து, பச்சை மையில் கோடு போட்ட இடத்தைக் காட்டினார். "இனி நீங்கள் எத்தனை ஆண் வேண்டுமானாலும் தங்கலாம்" என்றார் முகத்தைச் சிரிப்பில்லாமல் வைத்துக்கொண்டு. தம்பி அதற்குள் நைரோபிக்கு மாறிப்போயிருந்தான். நான் தனியாகத்தான் இருந்தேன்.

ரெண்டு மாதம் கழித்து நானும் கிளம்பினேன். அட்வான்ஸைத் திருப்பித் தர உட்கார்ந்தபோது கேட்டார்: "உங்கள் நாட்டில் இதற்கு என்ன சட்டம்?"

சொன்னேன். 1860 என்றேன், உங்கள் சட்டமே எங்களிடமிருந்து வந்ததுதான் என்றேன், 2018இல் நாங்கள் எடுத்துவிட்டோம் என்றேன். டீச்சர் இல்லையா, வருஷங்களை மனசுக்குள் கழித்துப் பார்த்தார்.

"எங்களுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் எடுத்துவிட்டீர்கள்."

"அனுப்பியது நாங்கள் இல்லை மாமா, பிரிட்டிஷ்காரன்."

"சரி. அங்கே இப்போது ஜனங்கள் ஒத்துக்கொண்டார்களா?"

அப்பளம் நினைவுக்கு வந்தது. ஊரில் எங்கள் குடும்ப வாட்ஸாப் குரூப்பும் நினைவுக்கு வந்தது. "சட்டம் மட்டும்தான் போயிருக்கிறது" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு நோட்டுகளை மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். சமையலறைக் குழாய் ஒழுகுவதற்கு இருபதாயிரம் ஷில்லிங் பிடித்துக்கொண்டார். குழாய் எங்கள் கம்பெனிச் சரக்குதான்.